எல்லைப்புறக் குடியேறியைத் தேடி: கவுண்டி நீதிமன்ற ஏடுகள் பற்றிய கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 18ஆம் நூற்றாண்டு வர்ஜீனியாவின் மேற்கு எல்லையைப் பற்றியவை. ஆகவே பதில்களும் அந்தக் காலனியின் சட்டத்தை ஒட்டியே அமைந்துள்ளன. அவற்றைப் பென்சில்வேனியாவுக்கோ வட கரோலினாவுக்கோ அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

கேள்வி: என் மருமகனின் மூதாதையர் ஒருவர் 1750 வாக்கில் அமெரிக்காவில் குடியேறியவர். அவருடைய குடும்ப விவரங்களைத் தர முடியுமா?

பெயர் இல்லை, கவுண்டி (மாவட்டம்) இல்லை, மனைவியின் பெயரும் இல்லை. இவற்றில் இரண்டையாவது தெரிந்துகொண்டு மீண்டும் எழுதுங்கள்.

கேள்வி: முன்னோர் 1773இல் ஃபின்காசில் கவுண்டியில் வழக்காடியதாகக் குடும்பக் குறிப்பு சொல்கிறது. ஃபின்காசில் ஊரின் நீதிமன்றத்துக்கு எழுதிக் கேட்டேன். அத்தகைய வழக்கு எதுவும் இல்லை என்று பதில் வந்தது.

நீங்கள் எழுதிக் கேட்டது வேறு கவுண்டியின் தலைநகருக்கு. ஃபின்காசில் என்னும் ஊர் பாட்டடாட் கவுண்டியைச் சேர்ந்தது. ஃபின்காசில் கவுண்டியோ 1772இல் பாட்டடாட்டிலிருந்து பிரிந்து, 1776ஆம் ஆண்டின் இறுதியில் மாண்ட்கோமரி, வாஷிங்டன், கென்டக்கி என மூன்றாக உடைந்து மறைந்துபோனது. அதன் ஏடுகள் மாண்ட்கோமரி கவுண்டியின் தலைநகரான கிறிஸ்டியன்ஸ்பர்க்கில் உள்ளன. 1740களின் நடுவில் நியூ ஆற்றங்கரையில் குடியேறி, அந்த இடத்தைவிட்டு அசையாமலேயே வாழ்ந்த ஒருவர், சுமார் 30 ஆண்டுகளுக்குள் அகஸ்டா, பாட்டடாட், ஃபின்காசில், மாண்ட்கோமரி என நான்கு கவுண்டிகளின் ஏடுகளில் இடம்பெறுவார். கவுண்டி எந்த ஆண்டு எதிலிருந்து பிரிந்தது என்று பார்க்காமல் கடிதம் எழுதாதீர்கள் என்று இப்பகுதியில் பலமுறை சொல்லிவிட்டேன்.

கேள்வி: ஒருவருடைய உயில், அவர் இறந்த பின், 1750 பிப்ரவரியில் நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டிருக்கிறது. அவரே 1750 நவம்பரில் நிலம் விற்றிருக்கிறார். இவர்கள் இருவேறு மனிதர்களா?

ஒருவராகவே இருக்கலாம். 1752க்கு முன்பு ஆங்கிலேயக் காலனிகளில் புத்தாண்டு மார்ச் 25இல்தான் தொடங்கியது. ஆகவே அந்தப் பிப்ரவரி, நவம்பருக்குப் பின்னால் வருவது. நம் கணக்கில் அது 1751.

கேள்வி: முதல் நாள் ஐந்து ஷில்லிங்குக்கு ஓராண்டுக் குத்தகை, மறுநாள் அதே நிலத்துக்கு 40 பவுண்டுக்கு விடுதலைப் பத்திரம். முன்னோர் ஒரே நாளில் குத்தகைக்காரரிலிருந்து உரிமையாளராக உயர்ந்தது எப்படி?

அவர் ஒருநாளும் குத்தகைக்காரராக இருந்ததில்லை. இரண்டு பத்திரங்களும் சேர்ந்து ஒரே விற்பனைதான். நிலத்தை நேரில் ஒப்படைக்கும் பழைய சடங்கைத் தவிர்க்க வழக்கறிஞர்கள் கையாண்ட முறை அது. ஐந்து ஷில்லிங் என்பது பெயரளவுத் தொகை. குத்தகைக்கு வாடகையாக ஒரு மிளகோ ஒரு சோளக் கதிரோ எழுதப்பட்டிருந்தாலும் வியப்படைய வேண்டாம். உண்மையான விலை இரண்டாவது பத்திரத்தில் இருக்கும்.

கேள்வி: 1768இல் ஒரு "அநாதை" நீதிமன்றத்தில் தன் காப்பாளரைத் தானே தேர்ந்தெடுத்ததாகப் பதிவு உள்ளது. அப்படியானால் தாயும் இறந்துவிட்டார் என்று கொள்ளலாமா?

கூடாது. தந்தை இறந்திருந்தால் போதும், பிள்ளையை ஏட்டில் அப்படித்தான் எழுதுவார்கள். தாய் மறுமணம் செய்துகொண்டு பக்கத்துப் பண்ணையிலேயே வாழ்ந்துகொண்டிருக்கலாம். காப்பாளரைத் தானே தேர்ந்தெடுக்க 14 வயது நிறைந்திருக்க வேண்டும், 21 நிறைந்திருக்கக் கூடாது. ஆக, பையன் 1747க்கும் 1754க்கும் இடையில் பிறந்தவன். காப்பாளருக்குப் பிணை நின்றவர்கள் யார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பல நேரங்களில் அவர்கள் தாய்வழி உறவினர்கள்.

கேள்வி: சாக்லியின் சுருக்கத் தொகுப்பைத் தேடிப் பார்த்துவிட்டேன். 1752க்குப் பின் முன்னோரின் பெயர் வரவில்லை. ஆகவே அவர் அந்த ஆண்டில் இறந்தார் என்று வம்சாவளியில் பதிந்துவிட்டேன். சரிதானே?

சரியல்ல. இதே தவறு மாதந்தோறும் வேறு வேறு பெயர்களில் வந்துகொண்டிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். லைமன் சாக்லி அகஸ்டா கவுண்டியின் 1745 முதல் 1800 வரையிலான ஏடுகளிலிருந்து எடுத்த குறிப்புகள் 1912இல் மூன்று தொகுதிகளாக வெளிவந்தன. அவை ஒரு வழிகாட்டிப் பலகையே தவிர ஊர் அல்ல. அவர் எல்லா வழக்குகளையும் எடுக்கவில்லை. எடுத்தவற்றிலும் பெயர்கள் தவறாகப் படிக்கப்பட்ட இடங்கள் உண்டு. அதில் ஒரு பெயர் இல்லை என்பது அந்தத் தொகுப்பைப் பற்றிய செய்தி, அந்த மனிதரைப் பற்றிய செய்தி அல்ல.

அகஸ்டாவின் தலைநகரான ஸ்டான்டனில் உள்ள மூல உத்தரவு ஏட்டில் ஒரு கடன் வழக்கு ஒரே வரியில் முடிந்துவிடும்: வாதி, பிரதிவாதி, தள்ளுபடி. ஆனால் அந்த வழக்கின் தாள்கட்டைப் பிரித்தால், பிரதிவாதி கையொப்பமிட்ட கடன் பத்திரம் கிடைக்கும்; கையொப்பம் தெரியாதவர் இட்ட குறியைக் கொண்டு ஒரே பெயருள்ள இருவரைப் பிரித்தறியலாம். கடைக்காரரின் கணக்குச் சீட்டு இருந்தால், எந்தத் தேதியில் உப்பு வாங்கினார், எப்போது துணி வாங்கினார், யார் கையில் கொடுத்தனுப்பினார் என்பதெல்லாம் தெரியும். அழைப்பாணையின் பின்பக்கத்தில் ஷெரீப் எழுதிய குறிப்புதான் எனக்கு மிகவும் பிடித்தது: ஆள் இந்தக் கவுண்டியில் இல்லை, கரோலினாவுக்குப் போய்விட்டார், இந்தியர் தாக்குதலுக்கு அஞ்சி ஆணையைச் சேர்க்க இயலவில்லை. 1755 ஜூலையில் பிரிட்டிஷ் தளபதி பிராடக்கின் படை தோற்ற பிறகு எல்லைப்புறக் குடும்பங்கள் பல இடம்பெயர்ந்தன; அந்த ஆண்டுகளில் ஒருவர் ஏட்டிலிருந்து மறைவதற்குச் சாவைத் தவிர எத்தனையோ காரணங்கள் உண்டு.

உண்மையிலேயே இறந்திருந்தால் அதற்கும் தடயம் இருக்கும். உயில் மெய்ப்பிக்கப்படும்; உயில் இல்லையெனில் சொத்தை நிர்வகிக்க மனைவியோ நெருங்கிய உறவினரோ, அவர்கள் ஒதுங்கினால் கடன் கொடுத்தவரோ பிணைப் பத்திரம் எழுதுவார்; சொத்துப் பட்டியல் தயாராகும்; நடந்துகொண்டிருந்த வழக்கு பிரதிவாதியின் மரணத்தால் அற்றுப்போனது என்று எழுத்தர் எழுதுவார். சாட்சிப்படியையும் விட்டுவிடாதீர்கள்: சாட்சிக்கு நாளொன்றுக்கு 25 பவுண்டு எடைப் புகையிலை (அன்று அதுவும் பணம்தான்) வீதம் கணக்கிடப்பட்டது, வேறு கவுண்டியிலிருந்து வந்தவருக்குப் பயணத் தொலைவும் மைல் கணக்கில் எழுதப்பட்டது. இடம்பெயர்ந்தவர் எவ்வளவு தூரம் போயிருந்தார் என்பதை அந்த எண் சொல்லிவிடும். இவற்றில் ஒன்றையும் பார்க்காமல் நீங்கள் இட்ட "இறப்பு: 1752" என்னும் பதிவை இந்நேரம் பலர் நகலெடுத்திருப்பார்கள். தயவுசெய்து அதை இன்றே நீக்கிவிட்டு மூல ஏட்டைத் திறங்கள்.

கேள்வி: "சீனியர்", "ஜூனியர்" என்று ஒரே பெயரில் இருவர் உள்ளனர். தந்தையும் மகனும் என்று எழுதிவிடலாமா?

வேண்டாம். ஊரில் அதே பெயரில் மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர் என்பதற்கு மேல் அதற்குப் பொருளில்லை. மூத்தவர் இறந்ததும் ஜூனியரே சீனியராகிவிடுவார்.

கேள்வி: 1770இல் உயில் எழுதாமல் இறந்தவரின் நிலத்தை ஒரு மகன் மட்டும் விற்கிறார். குடும்பத்தில் சொல்லப்படும் மற்ற இரு மகன்கள் கற்பனையா?

அப்படி முடிவு செய்ய இடமில்லை. உயில் இல்லாதபோது நிலம் முழுவதும் மூத்த மகனுக்கே போகும் என்பது அன்றைய சட்டம். வர்ஜீனியா 1785இல் சட்டமியற்றி, 1787 தொடக்கத்திலிருந்துதான் அதைக் கைவிட்டது. இளையவர்களை அசையும் சொத்தின் பங்கீட்டிலும், 1782 முதல் கிடைக்கும் வரிப் பட்டியல்களிலும் தேடுங்கள். 1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வர்ஜீனியாவின் தாள்கள் அழிந்துவிட்டதால், அந்த வரிப் பட்டியல்களே நமக்குத் துணை.

கேள்வி: வர்ஜீனியா ஏடுகள் எல்லாம் உள்நாட்டுப் போரில் எரிந்துவிட்டன என்கிறார்களே?

எல்லாம் எரியவில்லை. 1865 ஏப்ரலில் ரிச்மண்டில் எரிந்தவற்றுள் காலனியின் பொது நீதிமன்ற ஏடுகள் பெரும்பகுதி அடங்கும். பக்கிங்ஹாம் கவுண்டி நீதிமன்றமோ போர் முடிந்த பின், 1869இல் எரிந்தது. அகஸ்டா ஏடுகள் பத்திரமாக உள்ளன. எந்தக் கவுண்டி என்று கேட்காமல் "எரிந்துவிட்டது" என்பதை நம்பாதீர்கள்.

கேள்வி: பெண்களின் பெயர்கள் எங்குமே கிடைப்பதில்லை. என்ன செய்வது?

இரண்டு இடங்களில் தேடுங்கள். கணவர் நிலம் விற்கும்போது, கைம்பெண்ணுக்குரிய மூன்றிலொரு பங்கு உரிமையை மனைவி மனமுவந்து விட்டுக்கொடுக்கிறாரா என்று அவரைத் தனியே விசாரிப்பார்கள். அங்கே அவர் பெயர் இருக்கும். அடுத்தது, வாரிசுகளுக்கிடையிலான சான்சரி (சமநீதி முறை) வழக்குகள். மகள்கள் யார், அவர்களை மணந்தவர்கள் யார், யார் எங்கே குடிபெயர்ந்தார்கள் என்பது புகார் மனுவிலேயே எழுதப்பட்டிருக்கும். இவ்வழக்குகளுக்கு வர்ஜீனியா நூலகம் இணையத்தில் அட்டவணை வைத்திருக்கிறது. பல கவுண்டிகளின் தாள்களையே படமாகப் பார்க்கலாம் என்பதால், அட்டவணையோடு நின்றுவிடுவதற்கு மன்னிப்பில்லை.

கேள்வி: முன்னோர் டேனியல் பூனின் காலத்தில் கென்டக்கிக்குப் போனவர் என்பதை எப்படி நிறுவுவது?

1779–80இல் நில ஆணையம் ஹாராட்ஸ்பர்க், பூன்ஸ்பரோ உள்ளிட்ட இடங்களில் அமர்ந்து சான்றிதழ் வழங்கியது. 1778 ஜனவரிக்கு முன் அங்கே குடியேறியவருக்கு 400 ஏக்கரும், அடுத்துள்ள 1,000 ஏக்கரை வாங்கும் முன்னுரிமையும் கிடைத்தன. எல்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்ததால் பிற்பாடு வழக்குகள் பெருகின. பூன் உட்படப் பழைய குடியேறிகள் பலர் அவற்றில் வாக்குமூலம் அளித்தார்கள். சாட்சியின் வயது பெரும்பாலும் முதல் வரியிலேயே இருக்கும். சான்றிதழைப் படிக்கும்போது மட்டும் கவனம் தேவை: உங்கள் முன்னோர் இன்னாரிடமிருந்து உரிமையைப் பெற்றவர் என்று அதில் எழுதப்பட்டிருந்தால், அங்கே குடியேறிச் சோளம் விதைத்தவர் அந்த இன்னார்தான், உங்கள் முன்னோர் கென்டக்கியில் கால் வைத்தார் என்பதற்கு வேறு சான்று தேட வேண்டும்.