ஷோடவுனில் 59 சதவீத வெற்றி: உங்கள் லிமிட் போக்கரில் ஓட்டை அங்கேதான்

கேள்வி: நியூ ஜெர்சியில் வசிக்கிறேன். இங்கே உரிமம் பெற்ற தளம் ஒன்றில் 1/2 டாலர் லிமிட் ஹோல்டெம் (பெட்டின் அளவு கட்டிப்போடப்பட்ட போக்கர்: முதல் இரண்டு சுற்றில் 1 டாலர், கடைசி இரண்டில் 2), ஆறு பேர் மேசையில் ஆடுகிறேன். கைகளைப் பதிந்து கணக்கிடும் போக்கர்டிராக்கர் நிரலில் 12,000 கைகள் சேர்ந்துவிட்டன. 384 டாலர் நஷ்டம். ஆட்டத்தில் தானாகப் பணம் போட்டு நுழைவது 31%, ஃபிளாப்புக்கு (மேசையில் விழும் முதல் மூன்று பொதுச் சீட்டு) முன் ரெய்ஸ் 14%, ஃபிளாப் பார்த்தபின் ஷோடவுன் (கடைசியில் சீட்டைக் காட்டி ஒப்பிடுவது) வரை போவது 31%, ஷோடவுனில் ஜெயிப்பது 59%, அக்ரெஷன் ஃபேக்டர் 2.9. பிக் பிளைண்டில் (கட்டாயமாக 1 டாலர் வைக்கும் இடம்) இருக்கும்போது பட்டன்காரர் (ஃபிளாப்புக்குப் பின் கடைசியாகப் பேசுபவர்) ரெய்ஸ் செய்தால் 58% ஃபோல்டு (கையைப் போட்டுவிடுவது). பிக் பிளைண்டில் மொத்தமாக நூறு கைக்கு 41 பிக் பெட் நஷ்டம். ஷோடவுனில் இவ்வளவு ஜெயித்தும் பணம் போகிறதே, இது அதிர்ஷ்டக் குறைவுதானா? எந்த எண்ணை முதலில் சரி செய்ய வேண்டும்? சில கைகளையும் அனுப்பியிருக்கிறேன். எதிராளிகளின் எண்களைத் திரையில் காட்டும் வசதியைப் போடலாமா?

பதில்: முதலில் அதிர்ஷ்டத்தைப் பார்த்துவிடுவோம். உங்கள் ஆட்டத்தில் பிக் பெட், அதாவது கடைசி இரண்டு சுற்றின் பெட், 2 டாலர். ஆக 384 டாலர் என்பது 192 பிக் பெட். நூறு கைக்கு 1.6 வீதம் நஷ்டம். ஆறு பேர் லிமிட் மேசையில் நூறு கைக்கான திட்ட விலக்கம் (முடிவு சராசரியிலிருந்து தள்ளாடும் அளவு) 16, 17 பிக் பெட் அளவில் இருக்கும். 17 என்று வைத்தால், 12,000 கைக்கு அது சுமார் 186 பிக் பெட். லாபமும் இல்லாமல் நஷ்டமும் இல்லாமல் ஆடும் ஒருவர்கூட, இத்தனை கைகளில் உங்கள் அளவுக்கோ அதற்கு மேலோ இழக்க ஆறேழில் ஒரு வாய்ப்பு உண்டு. ஆகவே நஷ்டத் தொகையை மட்டும் வைத்து நீங்கள் நல்ல ஆட்டக்காரரா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு லட்சம் கை ஆடிய பிறகும் அந்த வீதத்தில் ஏறக்குறைய ஒரு பிக் பெட் இப்படியோ அப்படியோ தள்ளாடும்.

ஆனால் மற்ற எண்கள் அப்படித் தள்ளாடுவதில்லை. புள்ளிவிவரம் சேர்ப்பதன் முழுப் பயனும் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது. 12,000 கையில் நீங்கள் ஃபிளாப் பார்த்தது 3,600 தடவைக்குப் பக்கமாக இருக்கும். ஷோடவுன் 1,100ஐ ஒட்டி. அந்த 59 சதவீதத்தில் மூன்று புள்ளி கூடலாம், குறையலாம், அவ்வளவுதான். அது உங்கள் பழக்கத்தின் உண்மையான அளவு. ஏஸ் ஜோடி கிடைத்தபோது எவ்வளவு ஜெயித்தேன் என்று வடிகட்டிப் பார்ப்பவர்கள் நிறையப் பேர். குறிப்பிட்ட ஒரு ஜோடி 221 கைக்கு ஒரு தடவைதான் வரும். உங்களுக்கு அது 54 தடவை வந்திருக்கும். அதில் கற்றுக்கொள்ள ஒன்றும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் பெருமையாகச் சொல்லும் அந்த 59தான் எனக்குக் கவலை தருகிறது. ஷோடவுனுக்கு 31% மட்டுமே போய், அங்கே 59% ஜெயிப்பவர், தோற்கும் கைகளோடு சேர்த்து ஜெயிக்கும் கைகளையும் வழியிலேயே போட்டுவிடுகிறார். ஆறு பேர் மேசையில் நன்றாக ஆடுபவர்களின் எண்கள் பெரும்பாலும் 36 முதல் 40 வரை போவது, 52 முதல் 54 வரை ஜெயிப்பது என்ற வட்டத்தில்தான் விழும்.

நீங்கள் அனுப்பிய கைகளில் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். பிக் பிளைண்டில் உங்களுக்கு 9-8. பட்டன்காரர் 2 டாலருக்கு ரெய்ஸ், ஸ்மால் பிளைண்ட் (கட்டாயமாக அரை டாலர் வைத்தவர்) ஃபோல்டு, நீங்கள் கால் (அதே தொகை வைத்துத் தொடர்வது). பாட்டில் (நடுவில் சேர்ந்த பணம்) 4.50. ஃபிளாப் கிங், 9, 4. அதில் இரண்டு ஹார்ட். அவர் 1 டாலர் வைக்கிறார், நீங்கள் கால்: 6.50. டர்னில் (நாலாவது பொதுச் சீட்டு) 2 விழுகிறது. அவர் 2 டாலர், நீங்கள் கால்: 10.50. ரிவரில் (ஐந்தாவது, கடைசிப் பொதுச் சீட்டு) கிளாவர் ஜாக். அவர் மறுபடி 2 டாலர் வைக்கிறார். "ஜாக் பயமுறுத்தியது, விட்டுவிட்டேன்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது பாட்டில் 12.50 இருக்கிறது, அதை எடுக்க நீங்கள் போட வேண்டியது 2. ஏழு தடவை இதே இடத்தில் கால் செய்து ஆறு தடவை தோற்றால் 12 டாலர் போகும். ஒரே ஒரு தடவை ஜெயித்தால் 12.50 வரும். ஏழில் ஒன்று போதும், அரை டாலர் மிச்சம். ஹார்ட் ஃப்ளஷுக்கு (ஐந்து ஹார்ட் சேர்வதற்கு) காத்திருந்து தவறவிட்டவர், ஏஸ்-5 மாதிரி ஒன்றும் சேராமலே தள்ளிக்கொண்டு வந்தவர் என்று பட்டனில் அகலமாக ஆடுபவரிடம் ஏழில் ஒரு கையாவது உங்கள் 9 ஜோடிக்குக் கீழே இருக்காதா? இருக்கும். நோ லிமிட்டில் அவர் பாட் அளவுக்கே பெட் வைத்திருந்தால் ஃபோல்டு நியாயம். லிமிட்டில் பெட்டின் அளவு கட்டிப்போடப்பட்டிருப்பதால், ரிவருக்குள் பாட் பெருத்துவிடுகிறது, கடைசி பெட்டோ சிறியதாகவே நிற்கிறது. ஜெயிக்கும் கையைத் தவறாகப் போட்டால் 12.50 போச்சு. தோற்கும் கையோடு தவறாகக் கால் செய்தால் 2 டாலர்தான். இரண்டு தவறும் ஒரே எடை இல்லை.

இதைச் சோதிக்க, ரிவரில் எதிராளி பெட் வைத்து நீங்கள் ஃபோல்டு செய்த கைகளை மட்டும் வடிகட்டுங்கள். பாட் ஐந்து பிக் பெட்டுக்கு மேல் என்றும் ஒரு நிபந்தனை சேருங்கள். எதிராளியின் சீட்டு உங்களுக்குத் தெரியாது என்பதால் ஒவ்வொரு கையிலும் நீங்களே உட்கார்ந்து யோசிக்க வேண்டும்: எந்தெந்தக் கையோடு அவர் இங்கே வரை வந்திருப்பார், அதில் எத்தனை என் கைக்குக் கீழே? ஐம்பது கை இப்படிப் பாருங்கள். பிறகு ரிவரில் கால் செய்த கைகளைத் தனியாக வடிகட்டி, எத்தனை சதவீதம் ஜெயித்தீர்கள் என்று பாருங்கள். அது 50ஐ நெருங்கினால் மகிழ வேண்டாம். அது சராசரி. கால் செய்யலாமா வேண்டாமா என்று விரல் தடுமாறிய அந்தக் கடைசிக் கைகள் ஏழில் ஒன்று, எட்டில் ஒன்று ஜெயித்தாலே போதும் என்னும்போது, சராசரி இவ்வளவு உயரமாக இருந்தால் அந்தத் தடுமாறிய கைகளையெல்லாம் நீங்கள் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம்.

அக்ரெஷன் ஃபேக்டர் 2.9 என்பதை நம்பி ஏமாற வேண்டாம். பெட்டும் ரெய்ஸும் சேர்ந்த எண்ணிக்கையை, கால் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது அது. முப்பது பெட், பதினைந்து கால் என்றால் 2. அந்தப் பதினைந்தில் ஐந்தை ஃபோல்டாக மாற்றிவிடுங்கள். 30க்கு 10, உடனே 3. ஒரு பெட்கூடக் கூடவில்லை, ஆனாலும் காகிதத்தில் புலியாகிவிட்டீர்கள். ஃபோல்டு அந்தக் கணக்கிலேயே வராது. உங்கள் 2.9இல் பாதி பயத்தால் வந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்து பிக் பிளைண்ட். அங்கே வந்த ஒவ்வொரு கையையும் கண்ணை மூடிப் போட்டால் கைக்கு 1 டாலர், அதாவது நூறு கைக்கு 50 பிக் பெட் போகும். நீங்கள் 41 இழக்கிறீர்கள். கட்டாயமாக வைத்த ஒரு டாலரில் கைக்கு 18 சென்ட்தான் மீட்கிறீர்கள். பட்டன்காரர் ரெய்ஸ் செய்து, ஸ்மால் பிளைண்ட் விலகினால் பாட்டில் 3.50, நீங்கள் போட வேண்டியது 1. நாலரையில் ஒரு பங்கு, 22% போதும். முதலில் பேச வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருப்பதால் அதைவிடச் சற்றுக் கூடுதல் வலு தேவை என்பது உண்மைதான். அப்படியே பார்த்தாலும் பாதிக்கு மேல் போடுவது மிக அதிகம். ஆறு கைக்கு ஒரு கை பிக் பிளைண்ட். அங்கே நூறு கைக்கு ஐந்து பிக் பெட் மீட்டாலே மொத்தக் கணக்கில் 0.8 ஏறும், உங்கள் 1.6 நஷ்டத்தில் பாதி அது. மேலே பார்த்த 9-8 மாதிரி கைகளும் பெரும்பாலும் பிக் பிளைண்டில் பிறப்பவைதான். ஆகவே இவ்விரண்டும் ஒரே நோயின் இரு முகம்.

31க்கும் 14க்கும் நடுவே இருக்கும் 17 புள்ளி இடைவெளி வேறு சங்கதி. அதில் பிக் பிளைண்ட் கால்கள் நியாயமானவை, அவற்றைக் கழித்துவிடுங்கள். மீதியில் வெறும் கால் மட்டும் செய்து நுழைந்தவை, முன்னால் ஒருவர் ரெய்ஸ் செய்திருக்க நடுவில் உட்கார்ந்து கால் செய்தவை என்று இடம்வாரியாகப் பிரித்துப் பாருங்கள். முதல் ஆளாக நுழைகிறீர்களா, ரெய்ஸ்; இல்லையேல் ஃபோல்டு. கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் 2015 ஜனவரியில் இருவர் ஆடும் லிமிட் ஹோல்டெமை ஏறக்குறைய முழுதாகத் தீர்த்துவிட்டதாக அறிவித்தார்கள். சீஃபியஸ் என்ற அந்த நிரல் பட்டனில் வெறும் கால் செய்து நுழைவது மிக அபூர்வம். ஆறு பேர் மேசைக்கு அதை அப்படியே பெயர்க்க முடியாது, ஆனால் இந்த ஒரு பழக்கம் பெயரும்.

எதை முதலில் சரி செய்வது என்று கேட்டீர்கள். பிக் பிளைண்டையும் ரிவரையும் ஒன்றாக எடுங்கள். நுழையும் பழக்கத்தை அடுத்த மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். தேதி குறித்து வைத்து, அதற்குப் பிந்தைய 5,000 கையைத் தனியாக வடிகட்டிப் பாருங்கள். பணத்தைப் பார்க்க வேண்டாம். 5,000 கையில் அது பேசாது. ஷோடவுன் போகும் எண் 31இலிருந்து 35, 36க்கு நகர்ந்ததா, ஜெயிக்கும் எண் தானாக இறங்கியதா என்று மட்டும் பாருங்கள். எண்ணை எட்டுவதற்காக ஒன்றும் இல்லாத கையோடு கால் செய்யத் தொடங்கினால் ஷோடவுன் எண் அழகாகவே தெரியும், பணம் இன்னும் வேகமாகப் போகும். எண் என்பது கையைத் தேடிப் போக வழிகாட்டும் பலகை. திருத்த வேண்டியது கையை.

எதிராளிகளின் எண்களைத் திரையில் காட்டும் வசதி பற்றியும் கேட்டிருந்தீர்கள். சில தளங்கள் அதை அனுமதிப்பதில்லை. விதிகளைப் படித்துவிட்டுப் போடுங்கள். (இந்தியாவில் இருக்கும் வாசகர்களுக்கு: 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் திறமை, அதிர்ஷ்டம் என்ற பாகுபாடு இல்லாமல் தடை செய்திருக்கிறது. இந்த ஆலோசனை அங்கே ஆடுவதற்கு அல்ல.) அனுமதி இருந்தால் இரண்டு எண் போதும்: எத்தனை கைக்கு நுழைகிறார், ஷோடவுனுக்கு எத்தனை தடவை போகிறார். முதலாவது ஐம்பது கையிலேயே ஓரளவு தெரியும். இரண்டாவதற்குப் பல நூறு கை வேண்டும். அதற்கு முன் திரையில் தெரிவதை நம்ப வேண்டாம். ஷோடவுனுக்கு 42 சதவீதத்துக்கு மேல் போகிறவரிடம் ரிவரில் ஏமாற்று பெட் வைக்காதீர்கள். நடுத்தர ஜோடி இருந்தால்கூட அவரிடம் பெட் வைத்துக் காசு வாங்குங்கள். 30க்குக் கீழே இருப்பவரிடம் டர்னில் இன்னொரு பெட் வைத்துப் பாருங்கள். இத்தனை நாளும் உங்கள் மேசையில் கவனமாக ஆடிய யாரோ ஒருவர் உங்களிடம் அதைத்தான் செய்துகொண்டிருந்திருப்பார்.