கணக்கு வாத்தியாரும் மனைவியின் விசாவும் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

நான் ஆற்காட்டில் ஒரு மெட்ரிக் பள்ளியில் கணக்கு ஆசிரியர். வேலூரில் பி.எஸ்சி. கணிதம் படித்தேன், திருவள்ளுவர் பல்கலைக்கழகம். 2012இல் பி.எட். முடித்ததிலிருந்து இதே பள்ளிதான், ஒன்பது, பத்தாம் வகுப்புகள். என் மனைவி நர்ஸ். இங்கிலாந்தில் ஓர் அரசு மருத்துவமனையில் அவருக்கு வேலை கிடைத்திருக்கிறது. அவர் முதலில் போகிறார். பள்ளி ஆண்டு முடிந்ததும் நானும் மகளும் போகிறோம்.

வேலூரில் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். டீச்சர் ரிஜிஸ்ட்ரேஷன், வேலை இரண்டுக்கும் சேர்த்து ஒன்றரை லட்சம் கேட்கிறார்கள். உறவுக்காரர்களோ, "வாத்தியார் வேலையெல்லாம் அங்க கிடைக்காது, குடோன்ல பெட்டி அடுக்கத்தான் போகணும், அதுவே நல்ல காசு" என்கிறார்கள். நீங்கள் அங்கே பள்ளியில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். நான் வாத்தியாராகவே இருக்க முடியுமா?

(பெயர் வேண்டாம். பள்ளியில் இன்னும் சொல்லவில்லை.)

அன்புள்ள நண்பருக்கு,

முடியும். போய் இறங்கிய மாதமே முடியாது, அவ்வளவுதான்.

முதலில் அந்த ஒன்றரை லட்சம். கொடுக்காதீர்கள். இங்கிலாந்தில் ஆசிரியர் பதிவுக்கு கியூ.டி.எஸ். என்று பெயர். அந்நாட்டுக் கல்வித்துறை தருவது. 2023 பிப்ரவரியிலிருந்து இந்தியாவில் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் அவர்களுடைய இணையதளத்தில் நேரடியாக விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வரம்பு உண்டு: பதினொன்று முதல் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்குக் கணக்கு, அறிவியல், மொழிப் பாடம் நடத்துகிறவர்களுக்கு மட்டும்தான் அந்த வழி. நீங்கள் கணக்கு. ஒன்பதாவது, பத்தாவது எடுக்கிறீர்கள். கேட்கிற இடத்தில் சரியாக நிற்கிறீர்கள். வேலை வாங்கித் தருகிற விஷயமும் அப்படித்தான். வேலை தேடித் தருவதற்கு வேலை தேடுகிறவரிடமே காசு வாங்கக்கூடாது என்று பிரிட்டனில் 1973லிருந்தே சட்டம் இருக்கிறது. ஆக, அந்த கன்சல்டன்சி விற்பது ஃபாரம் நிரப்பும் வேலையை. அதற்கு ஒன்றரை லட்சம் கொஞ்சம் அதிகம்தான்.

வேலூரில் எந்தத் தெருவில் நின்று கேட்டாலும் நர்ஸ் வெளிநாடு போகும் வழியைச் சொல்லிவிடுவார்கள். எந்தத் தேர்வு, எத்தனை மார்க், யாரைப் பார்க்கணும் என்று சி.எம்.சி. எதிரில் டீக்கடைக்காரருக்கே தெரியும். வாத்தியார் போகும் வழி அப்படித் தேய்ந்த வழி அல்ல. அதனால்தான் அதில் காசு பார்க்க முடிகிறது.

நர்ஸுக்கு ரிஜிஸ்ட்ரேஷன், வேலை, விசா மூன்றும் ஏறக்குறைய ஒரே மருத்துவமனை வழியாக வந்துவிடும். வாத்தியாருக்கு மூன்றும் தனித்தனி. கியூ.டி.எஸ். கையில் இருந்தாலும் அது வேலையும் தராது, விசாவும் தராது. அங்கே டி.ஆர்.பி. மாதிரிப் பொதுத்தேர்வு கிடையாது, கவுன்சலிங்கில் ஊர் எடுப்பதும் கிடையாது. ஒவ்வொரு பள்ளியும் தானே விளம்பரம் கொடுத்துத் தானே ஆள் எடுக்கிறது. வேலூரில் உட்கார்ந்தபடி ஒருவர் விண்ணப்பித்தால் விசாவுக்கு ஸ்பான்சர் செய்ய அனுமதி பெற்ற பள்ளிதான் அவரை எடுக்க முடியும். தற்காலிக ஆசிரியர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பும் ஏஜென்சிகள் அந்த விசாவுக்குப் பயன்படாது. ஆளை எடுத்து வேறொருவருக்கு வாடகைக்கு அனுப்பும் வேலைக்கு ஸ்பான்சர் செய்ய விதிகள் இடம் தருவதில்லை.

உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. நர்ஸின் கணவராக, அவருடைய விசாவைச் சார்ந்து போகிறீர்கள். அந்த விசாவில் எந்தப் பள்ளியிலும், எந்த ஏஜென்சி வழியாகவும் வேலை பார்க்கலாம். "பொண்டாட்டி விசால போறான்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போங்கள். தனியாக முயற்சி செய்கிற வாத்தியார்கள் ஏங்குவது இந்த விசாவுக்குத்தான்.

ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: மனைவியின் மருத்துவமனை இங்கிலாந்துக்குள்தான் இருக்கிறதா? ஸ்காட்லாந்து, வேல்ஸ் என்றால் பதிவு செய்யும் அமைப்பே வேறு.

சரி, இப்போது காகிதம். உண்மையான வேலை இங்கேதான், அதுவும் ஊரில் இருக்கும்போதே முடிக்க வேண்டியது.

பெயரிலிருந்து தொடங்குங்கள். நம் சர்டிபிகேட்டில் எல்லாம் இனிஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுசாக விரிந்து சர்நேம் கட்டத்தில் இருக்கும், அல்லது அந்தக் கட்டமே காலியாக இருக்கும். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் இல்லாத ஒரு 'எச்' டிகிரியில் முளைத்திருக்கும். நமக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. அங்கே ஃபைலைத் திறக்கிறவருக்கு அது இரண்டு ஆள். சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் போய், இந்த இரண்டு பெயரும் ஒரே ஆளுடையது என்று நோட்டரி முன்னால் ஆங்கிலத்தில் அஃபிடவிட் போட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஊர். 2012இல் பி.எட். என்றால் 1990 வாக்கில் பிறந்திருப்பீர்கள். 1989இல் வடாற்காட்டைப் பிரித்தபோது நம் பக்கம் வடாற்காடு அம்பேத்கர் மாவட்டம் ஆனது. பிறகு வேலூர் மாவட்டம். 2019இல் அதையும் மூன்றாகப் பிரித்ததில் ஆற்காடு ராணிப்பேட்டை மாவட்டத்துக்குப் போய்விட்டது. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, டி.சி.யில் ஒன்று, ஆதாரில் ஒன்று. வீடு மாறாமலே மூன்று மாவட்டத்தில் குடியிருந்திருக்கிறீர்கள். இதையும் அதே அஃபிடவிட்டில் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

ஒரிஜினல் சர்டிபிகேட் எங்கே இருக்கிறது? தனியார் பள்ளிகளில் சேரும்போது ஒரிஜினலை வாங்கிப் பீரோவில் பூட்டிவைக்கும் பழக்கம் நம் பக்கம் எவ்வளவு பரவலானது என்பது உங்களுக்கே தெரியும். உங்களுடையதும் அப்படி மாட்டியிருந்தால், ராஜினாமா பேச்சை எடுப்பதற்கு முன்னால் வாங்கிவிடுங்கள். டிரான்ஸ்கிரிப்ட் வாங்க வேண்டும் என்று கேளுங்கள். அது பொய்யும் அல்ல. டிகிரி டிரான்ஸ்கிரிப்ட்டுக்குத் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் இருக்கும் சேர்க்காடு போக வேண்டும், பி.எட்.டுக்குச் சென்னை, ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம். போன கையோடு, ஆங்கில வழியில் படித்ததாகக் கடிதமும் கேளுங்கள். அது சரியாக அமைந்தால் தனியாக ஆங்கிலத் தேர்வு எழுதும் செலவு மிச்சம். நம் பி.எட். 2015க்குப் பிறகுதான் இரண்டு வருஷம் ஆனது, உங்களுடையது ஒரு வருஷம். பதற வேண்டாம், டிகிரிக்குப் பிறகு அங்கே படிக்கும் ஆசிரியப் பயிற்சியான பி.ஜி.சி.இ.யும் ஒரு வருஷப் படிப்புதான். ஆனால் எந்தப் பாடம், எந்த வயதுப் பிள்ளைகளுக்கான பயிற்சி, பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்திய நாட்கள் எத்தனை என்று கல்லூரியிடம் எழுதி வாங்குங்கள்.

அனுபவச் சான்றிதழைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். "அவருடைய நடத்தை நன்று, எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறோம்" என்று லெட்டர்பேடில் நான்கு வரி எழுதி ரப்பர் ஸ்டாம்ப் குத்தித் தருவார்கள். அது அங்கே செல்லாக் காசு. எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை, முழுநேரமா, என்ன பாடம், எந்த வகுப்புகள், கையெழுத்துப் போடுகிறவரின் பதவி என்ன, அவருடைய இமெயில் எது என்பதெல்லாம் இருக்க வேண்டும். பள்ளியின் பெயரிலேயே இமெயில் இருந்தால் நல்லது, கரஸ்பாண்டென்ட்டின் சொந்த ஜிமெயில் என்றால் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். பி.எஃப். பிடித்தார்களா? அந்த ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வையுங்கள், நீங்கள் சொல்லும் வருஷங்களுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது. பாஸ்போர்ட் சேவை வழியாக போலீஸ் கிளியரன்ஸும் வாங்கிவிடுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவரைப் பிள்ளைகள் நடுவில் விடும் முன்னால் பள்ளிகள் அதைக் கேட்கும்.

இனி உங்கள் உறவுக்காரர்கள் சொன்ன குடோன். அதைக் கேவலமாகச் சொல்லமாட்டேன். வருஷம் முழுக்கச் சம்பளம் வரும், ராத்திரி ஷிப்டுக்கு இன்னும் கூட வரும். பள்ளியில் டீச்சிங் அசிஸ்டென்ட்டாகச் சேர்ந்தால் பள்ளி நடக்கிற வாரங்களுக்குத்தான் கணக்கு, கையில் வருவது குறைவு. இருந்தும் நீங்கள் பள்ளிக்கூட கேட்டுக்குள்தான் நுழைய வேண்டும் என்பேன். குடோனில் ஒரு வருஷம் போனால் இரண்டாவது வருஷம் வெளியே வர மனசு வராது. அப்படியே தங்கிப்போன நல்ல வாத்தியார்களை எனக்குத் தெரியும். வீட்டில் நிலையான ஒரு சம்பளம் வரும்போது உங்களால் ஒரு வருஷம் பொறுக்க முடியும். மனைவியிடம் இதைப் போவதற்கு முன்னாலேயே பேசிவிடுங்கள்.

பள்ளிக்குள் நுழைய மூன்று வழி. அசிஸ்டென்ட் வேலை ஒன்று. வாத்தியார் வராத வகுப்பைப் பார்த்துக்கொள்ளும் கவர் சூப்பர்வைசர் இன்னொன்று. ஏஜென்சி வழியாக சப்ளை டீச்சராகப் போவது மூன்றாவது. கணக்குக்கு ஆள் பஞ்சம் இருப்பதால் அது உங்களுக்குச் சீக்கிரமே திறக்கும். வெளிநாட்டில் ஆசிரியப் பயிற்சி முடித்தவர் கியூ.டி.எஸ். வராமலேயே நான்கு ஆண்டுவரை அங்கே பாடம் நடத்தலாம் என்று ஒரு விதியும் இருக்கிறது. சம்பளம் மட்டும் தகுதி பெறாதவர் என்ற கணக்கில்தான். போன உடனே பி.ஜி.சி.இ. படிக்கிறேன் என்று கிளம்பாதீர்கள். புதிதாக வந்தவரிடம் வெளிநாட்டு மாணவர் கட்டணம்தான் கேட்பார்கள்.

நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ என்றால் அது ஒரு முழு நாள். முன்பின் தெரியாத பிள்ளைகளுக்கு அரைமணி நேரம் பாடம் நடத்தச் சொல்லிப் பின்னால் இரண்டு பேர் உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். சில பள்ளிகளில் மாணவர்களே உட்கார்ந்து கேள்வி கேட்பார்கள். கணக்கில் உங்களை யாரும் மடக்க முடியாது. தேர்வு போர்டுகளின் பழைய வினாத்தாள்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, ஒரு மாதம் போட்டுப் பாருங்கள், போதும். நம்மவர்கள் தடுமாறுவது வேறொரு கேள்வியில்: "ஒரு பிள்ளை உங்களிடம் தனியாக வந்து, வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், யாரிடமும் சொல்லக்கூடாது என்கிறது. என்ன செய்வீர்கள்?"

நாம் என்ன சொல்வோம்? "சொல்லுமா, நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்போம். அந்த ஒரு வரியில் இன்டர்வியூ முடிந்துவிடும். ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுக்கக் கூடாது, நீங்களாக விசாரணையில் இறங்கக் கூடாது, அது சொன்னதைச் சொன்னபடி எழுதி, பள்ளியில் அதற்கென்று நியமித்திருக்கும் பொறுப்பாளரிடம் அன்றைக்கே தர வேண்டும். மனப்பாடமாகச் சொல்வதற்கு அல்ல, நிஜமாகவே அப்படித்தான் நடக்க வேண்டியிருக்கும். அங்கே அரசுப் பள்ளிகளில் பிரம்பு 1987லேயே போய்விட்டது. நம் நாட்டிலும் 2009 சட்டப்படி அடிக்கக்கூடாதுதான், ஆனால் ஸ்டாஃப் ரூமில் ஸ்கேல் எதற்கு இருக்கிறது என்று நமக்குத் தெரியும். அங்கே கை ஓங்கினாலே வேலை போகும். சத்தம் போடுகிற வகுப்பை அடக்க அந்தப் பள்ளி என்ன முறை வைத்திருக்கிறதோ அதை எழுத்துப் பிசகாமல் பின்பற்றுங்கள். முதல் டெர்ம் கஷ்டமாகத்தான் இருக்கும்.

நாள் கணக்கு: அங்கே பள்ளி ஆண்டு செப்டம்பரில் தொடங்கும். ஆகஸ்ட் கடைசியோடு விலக நினைக்கும் ஆசிரியர்கள் மே 31க்குள் சொல்லிவிட வேண்டும், அதனால் விளம்பரங்கள் பிப்ரவரியிலிருந்து மே வரை குவியும். நீங்கள் ஏப்ரலில் இங்கே ரிலீவிங் ஆர்டர் வாங்கிக் கிளம்பினால் அந்தக் கூட்டத்தின் கடைசியில்தான் போய்ச் சேர்வீர்கள். பரவாயில்லை, ஏஜென்சியில் ஜூலையிலேயே பெயர் கொடுங்கள். போலீஸ் சரிபார்ப்பு முடிய வாரங்கள் ஆகும், செப்டம்பரில் கொடுத்தால் தீபாவளிக்குத்தான் வகுப்பு. கியூ.டி.எஸ். விண்ணப்பத்தை இங்கிருந்தே இப்போதே போட்டுவிடலாம்.

இன்னொன்று. பல ஊர்களில் சனிக்கிழமை தமிழ்ப் பள்ளி இருக்கும், பெரும்பாலும் ஈழத் தமிழர்கள் நடத்துவது. மகளை அங்கே சேர்க்கும்போது நீங்களும் ஒரு வகுப்பு எடுக்கிறேன் என்று கேளுங்கள். சம்பளம் எதிர்பார்க்க வேண்டாம். விண்ணப்பத்தில் இரண்டு பேர் பெயர் கேட்பார்கள், உங்களை நன்கு அறிந்தவர்களாக. ஒன்று ஆற்காட்டு ஹெட்மாஸ்டர். இன்னொருவர் அந்த நாட்டிலேயே, ஒரு போன் போட்டால் எடுக்கிற தூரத்தில் இருந்தால் பள்ளிக்கு உங்களை எடுக்கத் தயக்கம் குறையும்.