ஒரு வரி உத்தரவும் பன்னிரண்டு வாரமும்

டீச்சர், வழக்குப் போடலாமா என்று இந்த வக்கீலிடம் கேட்டு நீங்கள் எழுதிய ஆறு பக்கத்தையும் படித்தேன். வடசென்னையில் ஓர் உதவிபெறும் உயர்நிலைப் பள்ளியில் 2022 ஜூனில் கணக்குப் பட்டதாரி ஆசிரியராகச் சேர்ந்தீர்கள். உங்கள் நியமனத்துக்கு ஒப்புதல் கேட்டு நிர்வாகம் அனுப்பிய முன்மொழிவை 2023 நவம்பரில் ‘பட்டம் இணையானதல்ல’ என்று ஒரே வரியில் டி.இ.ஓ. (மாவட்டக் கல்வி அலுவலர்) திருப்பிவிட்டார். நியமன ஒப்புதல் இல்லை, அதனால் அரசுச் சம்பளம் இல்லை, நிர்வாகம் கையில் தரும் பன்னிரண்டாயிரத்தில் குடும்பம் ஓடுகிறது. வழக்குக்கு வேண்டியது இவ்வளவுதான். கிளார்க் நக்கலடித்தது, வெயிலில் நிற்க வைத்தது, சக ஆசிரியை போட்ட மொட்டைக் கடுதாசி எல்லாம் வருத்தமான விஷயம், ஆனால் கோர்ட்டில் போடும் அஃபிடவிட்டில் (பிரமாண வாக்குமூலம்) ஒரு பாராவுக்குக்கூடத் தேறாது.

‘ஆசிரியர் பதிவே போய்விட்டதா’ என்று பதறியிருக்கிறீர்கள். டாக்டருக்கும் வக்கீலுக்கும் கவுன்சில் பதிவு இருப்பதுபோல இங்கே ஆசிரியருக்குக் கிடையாது, ரத்தாவதற்கும் ஒன்றுமில்லை. உங்கள் பி.எட். அப்படியே இருக்கிறது, டெட் (ஆசிரியர் தகுதித் தேர்வு) சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். கிடைக்காதது இந்த இடத்துக்கான ஒப்புதல் மட்டும்.

எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: நீங்கள் வேலைக்குச் சேர்ந்த தேதியில் உங்கள் பட்டம் இந்த வேலைக்குக் கேட்கிற பட்டத்துக்குச் சமம் என்று சொல்லும் உயர்கல்வித் துறையின் இணைத்தன்மை அரசாணை இருந்ததா, இல்லையா? பாடத்திட்டம் ஒன்றுதானே என்று நீதிபதியிடம் விளக்கலாம் என்ற நினைப்பை விடுங்கள். எது எதற்கு இணை என்பதை வேலை தருகிற அரசுதான் முடிவு செய்யும், கோர்ட் அதற்குள் போகாது என்று 2018-ல் ஜஹூர் அகமது வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியாயிற்று.

சரி, அரசாணை இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் ஆட்கள் குழியில் விழுகிறார்கள். போன வருஷம் ஓர் ஆசிரியர் மஞ்சப்பையில் ஃபைலும் கையில் ஸ்வீட் பாக்ஸுமாக வந்தார், வேறொரு வக்கீல் மூலம் ‘மனுவைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பரிசீலிக்க வேண்டும்’ என்று ஹைகோர்ட்டில் ஆர்டர் வாங்கியிருந்தார், ஜெயித்துவிட்டோம் என்ற சந்தோஷம். நான் ஸ்வீட்டை எடுக்கவில்லை. பதினோராவது வாரம் புது ந.க. எண்ணோடு (ஆபீஸ் கோப்பு எண்) நாலு பக்கச் செயல்முறைகள், அதாவது புது உத்தரவு, வந்தது, மேற்கோள் காட்டும் ‘பார்வை’யில் ஒன்பது கடிதம், முடிவு அதே மறுப்பு. முதல் மறுப்பு உத்தரவில் காரணம் சரியாக எழுதாத ஓட்டை இருந்தது, உத்தரவில் எழுதாத காரணத்தைப் பின்னால் கவுன்ட்டரில் (அரசு தாக்கல் செய்யும் பதில் மனு) சேர்க்க முடியாது என்று மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977-லேயே சொல்லியிருக்கிறார்கள். அந்த ஓட்டையை அடைக்க அதிகாரிகளுக்கு வாய்ப்பு வாங்கிக் கொடுத்ததே இந்த ஆசிரியர்தான்! உங்கள் ஒரு வரி உத்தரவுதான் உங்களுக்கு இருக்கிற ஒரே சொத்து, அதையே ரத்து செய்யக் கேட்டு நேராக ஹைகோர்ட்டில் ரிட் மனு போடுங்கள், ‘பரிசீலிக்கச் சொல்லுங்கள்’ என்று கேட்காதீர்கள். அப்படியும் கோர்ட் ரத்து செய்து மறுபடி அங்கேயே அனுப்பத்தான் அதிக வாய்ப்பு, ஆனால் அரசாணையைப் பார்த்து முடிவெடு என்று எழுதி வாங்கிக்கொண்டு போவது வேறு.

முதல்வர் தனிப்பிரிவுக்கு மூன்று மனு போட்டதால் காலம் நின்றுவிடாது. பழைய விவகாரத்துக்கு மனு மேல் மனு போட்டு உயிர் கொடுக்க முடியாது என்று 2008-ல் சொன்ன சி. ஜேக்கப் வழக்கு நம் ஊர் வழக்குதான், அரசு வக்கீல் அதை வாயிலேயே வைத்திருப்பார். தாமதத்துக்கு நீங்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

‘அதே பட்டத்தோடு பக்கத்துப் பள்ளி டீச்சருக்குக் கொடுத்தார்களே’ என்பதை எழுதவே எழுதாதீர்கள். ஒருவருக்குத் தப்பாகக் கொடுத்ததை இன்னொருவர் உரிமையாகக் கேட்க முடியாது, அந்த டீச்சரின் ஒப்புதலுக்கும் சேர்த்து நோட்டீஸ் போகும்.

அரசாணை இல்லை அல்லது நீங்கள் சேர்ந்த பிறகுதான் வந்தது என்றால், நிர்வாகம் அதே வளாகத்து மெட்ரிக் பள்ளியில் பதினெட்டாயிரத்துக்குக் கூப்பிடுகிறது என்றீர்களே, போங்கள். மானம் போகும் என்று எழுதியிருக்கிறீர்கள், தோற்கிற ரிட்டுக்கு நாலு வருஷம் பஸ் ஏறி பாரிமுனை ஹைகோர்ட்டுக்கு வந்து போனால் அது மட்டும் என்னவாம்? போகும் முன் 2022 ஜூன் தேதியிலிருந்து அனுபவச் சான்று, சம்பளம் கொடுத்ததற்கான அத்தாட்சி இரண்டையும் வாங்குங்கள். தேதி போடாத ராஜினாமாக் கடிதத்தில் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

அரசாணை இருந்தால் எதிலும் கையெழுத்துப் போடாமல் இந்த வாரமே வாருங்கள், அந்த இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டால் அவரையும் எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டிவரும். உத்தரவு வந்த கவரைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன், தபால் முத்திரை தெரிகிற மாதிரி அதையும் கொண்டு வாருங்கள்.