கேள்வி – பதில்: ஒருவரையே குறிவைக்கும் கொலையாளி

கேள்வி: செம்பனை ஆலையில் மாலை ஷிப்ட் முடிந்ததும் நண்பர்கள் நால்வர் ‘டெட் பை டேலைட்’ என்ற இணைய வீடியோ ஆட்டத்தை விளையாடுகிறோம். அதில் நால்வர் ஜெனரேட்டர்களைச் சரிசெய்து வாசலைத் திறந்து தப்பிக்க வேண்டும்; அவர்களைத் துரத்தும் ஒரு கொலையாளி, பிடிபட்டவரைக் கொக்கியில் தொங்கவிடுவார், மற்றவர்கள் அவரை மீட்கலாம். எதிரே கொலையாளியாக வருபவர்களில் சிலர், ஜெனரேட்டர்களைத் திரும்பியும் பார்க்காமல், கொக்கியிலிருந்து மீட்கப்பட்டவரையே மறுபடி மறுபடி துரத்தி வெளியேற்றிவிடுகிறார்கள். பெரும்பாலும் மாட்டிக்கொள்பவர், எங்களுடன் வேலை செய்யும், புதிதாக ஆடத் தொடங்கியிருக்கும் ஒரு தம்பிதான். இது நியாயமா ஐயா?
– வாசகர், சுங்கை சிப்புட், பேரா

பதில்: தம்பி, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒருவரையே துரத்துவதும் கொக்கியருகே காவல் நிற்பதும் அந்த ஆட்டத்தின் விதிகளுக்கு உட்பட்டவையே. அவற்றை ஏமாற்று என்று சொல்ல முடியாது. 2016இல் வெளிவந்த இந்த ஆட்டத்தின் தயாரிப்பாளர்களே அதன் கடுமையை உணர்ந்து, மீட்கப்பட்டவருக்குச் சில நொடிகள் ஓர் அடியைத் தாங்கும் பாதுகாப்பையும், கொலையாளி கொக்கியை விட்டு நகராவிட்டால் தொங்குபவர் தாமாகவே விடுவித்துக்கொள்ளும் வழியையும் தந்திருக்கிறார்கள்.

அவசரக்காரக் கொலையாளி எதை விட்டுக்கொடுக்கிறார் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு ஜெனரேட்டரை ஒருவர் தனியாகச் சரிசெய்ய 90 நொடிகள் ஆகும். வெளிவாசலுக்கு மின்சாரம் வர ஏழில் ஐந்து போதும். அந்தத் தம்பி ஒன்றரை நிமிடம் பிடிபடாமல் ஓடினால், மற்ற மூவரும் ஆளுக்கொன்றாக மூன்றை முடித்துவிடலாம். பெரும்பாலான கொலையாளிகள் நொடிக்கு 4.6 மீட்டரும் தப்பிப்பவர்கள் 4 மீட்டரும் ஓடுவதால், நேராக ஓடுபவர் பிடிபட்டே தீர்வார். சுவரின் ஜன்னலைத் தாண்டியோ பலகையைக் கவிழ்த்தோ பார்வையிலிருந்து மறைந்து, நண்பர்கள் வேலை செய்யும் பக்கத்துக்கு எதிர்த்திசையில் ஓட அவருக்குச் சொல்லுங்கள்.

மீட்பில்தான் உங்கள் அணி தடுமாறுகிறது என்று நினைக்கிறேன். மூவரும் கொக்கியைச் சுற்றி நின்றால் ஜெனரேட்டர்கள் அப்படியே கிடக்கும், கொலையாளிக்கும் வேட்டை எளிதாகிவிடும். காயமில்லாத ஒருவர் மட்டும் போகட்டும். இறக்கிவிட்ட கையோடு குறுக்கே நின்று முதல் அடியைத் தாமே வாங்கிக்கொண்டால், தம்பி விலகிச் செல்ல நேரம் கிடைக்கும். மீட்கப்பட்டவர், ஓர் அடியைத் தாங்கும் அந்தப் பாதுகாப்பு இருக்கும்போதே ஜெனரேட்டரில் கை வைத்தால் அது நீங்கிவிடும் என்பதையும் தம்பி அறிந்திருக்க வேண்டும்.

நியாயம் உங்கள் பக்கமும் இருக்க வேண்டும். வாசல் திறந்த பிறகும் வெளியேறாமல் குனிந்து நிமிர்ந்து கொலையாளியைச் சீண்டுவதும், கோபத்தில் பாதியிலேயே ஆட்டத்தைத் துண்டிப்பதும் எனக்குச் சற்றும் உடன்பாடில்லாதவை. துண்டித்தால் காத்திருப்புத் தண்டனையும் உண்டு. ஏமாற்று மென்பொருள், ஆட்டத்தின் பிழையைப் பயன்படுத்துதல், எதிரணியோடு ரகசியமாகக் கூட்டுச் சேர்தல், இழிவான பேச்சு ஆகியவை வேறு. அவற்றை வாதிட்டுக்கொண்டிராமல் ஆட்டம் முடிந்ததும் வரும் புள்ளித் திரையிலேயே புகார் செய்துவிடுங்கள்.

அடுத்த விடுமுறை நாளில் வெளியாட்கள் இல்லாத தனி ஆட்டம் ஒன்றைத் திறந்து, உங்களில் ஒருவர் கொலையாளியாக மாறி அந்தத் தம்பியை மட்டும் துரத்துங்கள். ஒரே ஜன்னலையும் ஒரே பலகையையும் அவர் பழகிக்கொள்ளும்வரை வேறெதையும் கற்றுத்தர வேண்டாம்.