ஈறுல ரத்தம் வருதுன்னா வைட்டமின் டி மாத்திரை மட்டும் போதுமா?

மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. கிலாங்ல நைட் ஷிப்ட், பகல்ல தூக்கம், பல்லு வெளக்கும்போதெல்லாம் ஈறுல ரத்தம், டெஸ்ட்ல வைட்டமின் டி 32னு வந்திருக்கு, மாத்திரை சாப்பிட்டா ரத்தம் நிக்குமா, நாலு வயசு பையனுக்கும் மேல் முன்பல்லு நாலும் பழுப்பாயிடுச்சு, அவனுக்கும் குடுக்கலாமான்னு.

தங்கச்சி, குறைவா இருந்தா மாத்திரை கண்டிப்பா சாப்பிடுங்க, ஆனா ஈறு ரத்தத்துக்கு அது மட்டும் பத்தாது. நெறைய பேரு மாத்திரைய நம்பி பல்லு கிளினிக் பக்கமே வராம இருந்துட்டு பல்லு ஆட ஆரம்பிச்சப்பறம் தான் வர்றாங்க, சில பல்ல அப்போ புடுங்குறத தவிர வேற வழி இருக்காது, அத பாக்க எனக்கு மனசு கேக்காது.

மொதல்ல அந்த 32க்கு பக்கத்துல என்ன யூனிட்னு பாருங்க. நானோமோல்னா (nmol/L) 50க்கு கீழ குறைபாடு, நானோகிராம்னா (ng/mL) 20க்கு கீழ தான் குறைபாடு. நானோகிராம்ல 32 வந்திருந்தா உங்களுக்கு குறைவே இல்ல.

இவ்ளோ வெயில் அடிக்கிற ஊர்ல எப்படி குறையும்னு கேப்பீங்க. வெயில் தோல்ல படணும்ல! தோட்டத்துல ரப்பர் பால் வெட்டப் போனவங்களே விடியறதுக்கு முன்னாடி போய் மர நெழல்ல முழுக்கை சட்டையோட தான் நின்னாங்க. நம்ம கருப்பு தோலுக்கு கூடுதல் நேரம் வேணும், கண்ணாடி ஜன்னல் வழியா வர்ற வெயில் இதுக்கு உதவாது. உங்க நெழல் உங்கள விட குட்டையா இருக்கிற நேரத்துல கை கால்ல கொஞ்சம் வெயில் படட்டும். கெம்போங் மீன் (கானாங்கெளுத்தி), டின் சார்டின், முட்டை மஞ்சக்கருவும் சேத்துக்கோங்க.

டி இருந்தா தான் குடல் கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் நல்லா உறிஞ்சும், பல்ல புடிச்சிருக்கிற தாடை எலும்பு கெட்டியா இருக்கும், கிருமிய எதிர்க்கிற ஒரு புரதத்த ஈறு செய்யறதுக்கும் அது வேணும். ஆனா ஈறுல ரத்தம் வர வெக்கிற, பல்லுல ஒட்டுன காரைய அது கரைக்காது. கண்ணாடி முன்னாடி வாயத் தொறந்து கீழ் முன்பல்லோட உள்பக்கம், நாக்கு படுற பக்கம் பாருங்க, ஈற ஒட்டி மஞ்சளா கெட்டியா ஒரு வரி தெரிஞ்சா அது தான் காரை, பிரஷ்ஷுக்கு மசியாது, ஸ்கேலிங் தான் பண்ணணும், அதாவது கிளினிக்ல கருவி வெச்சு காரைய எடுக்கணும். இனிப்பு நீர் (சர்க்கரை வியாதி) இருக்கான்னும் ஒரு தடவை பாத்துடுங்க, அது கட்டுப்பாட்டுல இல்லன்னா ஈறு லேசுல ஆறாது.

டாக்டர் வாரம் ஒரு 50,000 ஐயூ (IU, வைட்டமின் அளவு யூனிட்) மாத்திரை குடுத்திருந்தா அவர் சொன்ன வாரத்தோட நிறுத்திடுங்க. அதுக்கப்பறம் உங்க வயசுக்கு ஒரு நாளைக்கு 600 ஐயூ போதும், டாக்டர் சொல்லாம 4,000ஐ தாண்டாதீங்க, ரொம்ப கூடிப்போனா ரத்தத்துல கால்சியம் ஏறி கிட்னிய பாதிக்கும். சாப்பாட்டோட சேத்து போடுங்க.

பையன் விஷயம். பால்பல்லு வயித்துல இருக்கும்போதே உருவாக ஆரம்பிச்சிடும், அப்போ உங்களுக்கு டி குறைவா இருந்திருந்தா எனாமல் பலவீனமா வந்திருக்கலாம். ஆனா மேல் முன்பல்லு நாலும் சேந்து பழுப்புன்னா நான் மொதல்ல சந்தேகப்படுறது ராத்திரி வாயில வெச்சிட்டே தூங்குற பால் புட்டிய தான், அதுல மைலோவோ சீனியோ கலந்திருந்தா இன்னும் மோசம். புட்டிய நிறுத்துங்க, படுக்கும்போது தண்ணி மட்டும். நெலைக்கிற பல்லு இப்பவும் தாடைக்குள்ள உருவாகிட்டு தான் இருக்கு, அதனால டி அவனுக்கும் முக்கியம், அளவ மட்டும் டாக்டர கேட்டுட்டு குடுங்க. புளோரைடு உள்ள பேஸ்ட்ட பட்டாணி அளவு வெச்சு காலையிலயும் படுக்கும்போதும் நீங்களே வெளக்கி விடுங்க, இந்த மாசத்துக்குள்ள அவன பல்லு கிளினிக்குக்கு கூட்டிட்டு போங்க, அன்னைக்கே உங்க ஸ்கேலிங்குக்கும் தேதி வாங்கிடுங்க.