மான்செஸ்டர் பல்கலைக்கழகம் யாருடையது? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

இங்கிலாந்தின் பெரிய பொதுப் பல்கலைக்கழகம் ஒன்றைப் பற்றிக் கேள்விகள் அனுப்பச் சொல்லிச் சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்தவற்றில் பெரும்பாலானவை மான்செஸ்டரைப் பற்றியே இருந்ததால் இந்த முறை முழுக்க மான்செஸ்டர்தான்.

கேள்வி: மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் இலச்சினையில் 1824 என்று இருக்கிறது. ஆனால் 1851, 1880, 2004 என்றும் ஆளுக்கொரு ஆண்டு சொல்கிறார்கள். எதை நம்புவது?

நான்கிலும் உண்மை இருக்கிறது. 1824-இல் தொடங்கியது மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட். பட்டறைகளில் வேலை பார்த்தவர்கள் அறிவியலும் கணக்கும் படிக்க வேண்டும் என்று ஊர்ப் பெரிய மனிதர்கள் சேர்ந்து ஆரம்பித்தது. அணுக்கொள்கை தந்த ஜான் டால்டனும் அவர்களில் ஒருவர். ஆனால் என்னைக் கேட்டால் கதை உண்மையில் சூடுபிடிப்பது 1851-இல்தான்.

அந்தக் காலத்தில் ஆக்ஸ்ஃபோர்டில் சேர வேண்டுமென்றால் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் ஏற்கிறேன் என்று முதலிலேயே கையெழுத்துப் போட வேண்டும். கேம்பிரிட்ஜில் உள்ளே போய்ப் படிக்கலாம், பட்டம் வாங்கும்போது அதே தடை வந்து நிற்கும். மான்செஸ்டரில் ஆலை வைத்திருந்தவர்கள், வணிகர்கள், பொறியாளர்கள் என்று பலரும் அந்தத் திருச்சபையைச் சேராதவர்கள். யூனிடேரியன்கள், குவேக்கர்கள், இன்னும் பல பிரிவினர். ஊரில் பணம் புரளுகிறது, உலகத்துக்கே துணி போகிறது, ஆனால் பிள்ளையைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்க வழியில்லை. லண்டனில் யூனிவர்சிட்டி காலேஜ் 1826-லேயே மதச் சோதனை இல்லாமல் தொடங்கியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும், ஆனால் வடக்கில் இருந்தவர்களுக்கு அது தூரம்.

ஜான் ஓவன்ஸ் என்ற துணி வணிகர் 1846-இல் காலமானார். திருமணம் ஆகாதவர். ஏறக்குறைய 97,000 பவுண்டை ஒரு கல்லூரி தொடங்க எழுதி வைத்தார். சொத்தை நண்பர் ஜார்ஜ் ஃபாக்னருக்கே தர நினைத்தாராம், அவரோ எனக்கு வேண்டாம், கல்லூரி ஒன்று ஏற்படுத்துங்கள் என்றாராம், அப்படி ஒரு தகவல் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. உயிலில் இருந்த நிபந்தனைதான் முக்கியம்: மாணவரிடமும் சரி, ஆசிரியரிடமும் சரி, உன் மத நம்பிக்கை என்ன என்று கேட்கவே கூடாது. ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் இந்த இடத்துக்கு வந்து சேர 1871-இல் நாடாளுமன்றமே சட்டம் போட வேண்டியிருந்தது.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. அன்றைய மான்செஸ்டரின் செல்வம் பருத்தியில் வந்தது, அந்தப் பருத்தியின் பெரும்பகுதி அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அடிமைகள் பறித்தது. கல்லூரியின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேச வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, ஓவன்ஸ் கல்லூரி 1851-இல் குவே தெருவில் ஒரு வீட்டில் தொடங்கியது. அரசியல்வாதி ரிச்சர்ட் காப்டன் குடியிருந்த வீடு அது. முதல் சில ஆண்டுகள் மாணவர் சேர்க்கை பரிதாபமாக இருந்தது, உள்ளூர்ப் பத்திரிகையே இது தோற்றுப்போன முயற்சி என்று எழுதியது. 1857-இல் ஹென்றி ராஸ்கோ என்ற வேதியியல் பேராசிரியர் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. ஆய்வகத்தில் கையால் செய்து படிக்க வைத்தார், ஆலைக்காரர்களுக்கு இது நமக்கு உதவும் படிப்பு என்று புரிந்தது. 1873-இல் ஆக்ஸ்ஃபோர்டு ரோட்டில் ஆல்ஃபிரட் வாட்டர்ஹவுஸ் வடிவமைத்த கட்டடத்துக்கு மாறினார்கள். இன்றைக்கும் அதுதான் வளாகத்தின் முகம்.

கேள்வி: லீட்ஸ், லிவர்பூல் பல்கலைக்கழகங்கள் ஒரு காலத்தில் மான்செஸ்டரோடு சேர்ந்திருந்தன என்பது உண்மையா?

உண்மை. ஓவன்ஸ் கல்லூரிக்குச் சொந்தமாகப் பட்டம் கொடுக்கும் உரிமை இல்லை, மாணவர்கள் லண்டன் பல்கலைக்கழகத் தேர்வைத்தான் எழுத வேண்டும். எங்களையே பல்கலைக்கழகம் ஆக்குங்கள் என்று கேட்டபோது லீட்ஸில் இருந்த யார்க்ஷயர் கல்லூரி எதிர்த்தது. அதனால் 1880-இல் விக்டோரியா பல்கலைக்கழகம் என்று ஒரு கூட்டமைப்பாகச் சாசனம் கொடுத்தார்கள், ஓவன்ஸ் அதன் முதல் கல்லூரி. லிவர்பூல் 1884-இலும் லீட்ஸ் 1887-இலும் சேர்ந்தன. மூன்று ஊரும் தன்மானம் மிக்க ஊர்கள், ஒரே பாடத்திட்டத்தில் நீண்ட நாள் ஒட்டாது. பர்மிங்காமுக்கு 1900-இல் தனிப் பல்கலைக்கழகம் கிடைத்ததும் நமக்கு ஏன் கூடாது என்ற பேச்சு வலுத்தது, 1903-இல் லிவர்பூல் பிரிந்தது, 1904-இல் லீட்ஸ். மிச்சம் நின்ற ஓவன்ஸ்தான் மான்செஸ்டர் பல்கலைக்கழகம் ஆனது.

கேள்வி: அப்படியானால் 2004-இல் நடந்தது என்ன?

1824-இல் தொடங்கிய அந்த மெக்கானிக்ஸ் இன்ஸ்டிடியூட் தனியாக வளர்ந்து, நகராட்சியின் தொழில்நுட்பக் கல்லூரியாகி, கடைசியில் யூமிஸ்ட் என்ற பெயரில் பெரிய அறிவியல் தொழில்நுட்ப நிறுவனமாக நின்றது. 1905 முதல் அது மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் புலமாகவும் இயங்கியது, 1990களில் முழுத் தன்னாட்சி பெற்றது. ஒரே ஊரில் நடந்து போகும் தூரத்தில் இரண்டு நிறுவனங்கள், இரண்டிலும் வேதியியல், இரண்டிலும் இயற்பியல், ஆராய்ச்சிப் பணத்துக்கு இரண்டும் போட்டி. 2004 அக்டோபர் 1 அன்று இரண்டையும் சட்டப்படி கலைத்துவிட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்கினார்கள். ஒன்றை இன்னொன்று விழுங்கவில்லை, இரண்டும் சம நிலையில் முடிந்து புதியது பிறந்தது. அந்த முறைதான் எனக்குப் பிடித்தது.

அதே அக்டோபரில்தான் மான்செஸ்டர் இயற்பியலாளர்கள் ஆந்த்ரே கைமும் கான்ஸ்டன்டின் நோவோசெலோவும் கிராஃபீன் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். ஒட்டும் டேப்பால் கிராஃபைட்டிலிருந்து ஓர் அணு அளவு தடிமனுள்ள படலத்தைப் பிரித்தெடுத்தவர்கள். 2010-இல் நோபல் பரிசு.

கேள்வி: பொதுப் பல்கலைக்கழகம் என்றால் அரசுக்குச் சொந்தம்தானே? துணைவேந்தரை யார் நியமிப்பது?

அரசுக்குச் சொந்தமில்லை. இதில்தான் பலருக்கும் குழப்பம். மான்செஸ்டர் அரச சாசனத்தால் ஏற்படுத்தப்பட்ட ஒரு தன்னாட்சி அமைப்பு, சட்டப்படி அறக்கட்டளை. அரசுப் பணம் வருகிறது, 'ஆஃபீஸ் ஃபார் ஸ்டூடண்ட்ஸ்' என்ற ஒழுங்குமுறை அமைப்பு கண்காணிக்கிறது, ஆனால் நிலமும் கட்டடமும் பல்கலைக்கழகத்துக்கே சொந்தம், பேராசிரியர்கள் அரசு ஊழியர்கள் அல்லர்.

மேலே ஆட்சிக்குழு இருக்கிறது. 25 பேர் வரை, பெரும்பான்மை வெளியாட்கள், மாணவர் பிரதிநிதிக்கும் இடம் உண்டு. பணம், சொத்து, நியமனம் எல்லாம் இவர்கள் பொறுப்பு. துணைவேந்தரை நியமிப்பதும் இவர்களே. மான்செஸ்டரில் அவருக்குப் 'பிரசிடென்ட் அண்ட் வைஸ் சான்சலர்' என்று இரட்டைப் பட்டம். 2004-இல் ஆலன் கில்பர்ட், 2010-இல் முதல் பெண்ணாக நான்சி ராத்வெல், 2024 ஆகஸ்டிலிருந்து டங்கன் ஐவிசன். பாடம், தேர்வு, பட்டம் பற்றிய முடிவுகள் செனட் என்ற கல்விக் குழுவில். அப்புறம் பொதுப்பேரவை என்று ஒன்று, ஊர் மக்களின் பிரதிநிதிகளும் பழைய மாணவர்களும் அடங்கியது, கேள்வி கேட்கும் இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வேந்தர் பதவி அலங்காரப் பதவிதான். ஆனால் அவரை ஊழியர்களும் பழைய மாணவர்களும் பொதுப்பேரவை உறுப்பினர்களும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள், ஏழு ஆண்டுக் காலம். வளர்ப்புக் குடும்பத்திலும் காப்பகங்களிலும் வளர்ந்த கவிஞர் லெம் சிசே 2015 முதல் 2022 வரை அந்த அங்கியை அணிந்திருந்தார். அடுத்து வந்த நசீர் அஃப்சல் அரசுத் தரப்பு வழக்குரைஞராகப் பெயர் பெற்றவர். பட்டம் வாங்குகிற பிள்ளைக்குக் கை கொடுப்பவர் யார் என்பதை ஓட்டுப் போட்டு முடிவு செய்வது நல்ல வழக்கம், மற்ற இடங்களும் யோசிக்கலாம்.

கேள்வி: எத்தனை புலங்கள்?

மூன்று. அறிவியலும் பொறியியலும் ஒன்று, உயிரியல்-மருத்துவம்-நலவாழ்வு ஒன்று, கலை, சமூக அறிவியல் துறைகள் ஒன்று. சட்டமும் வணிகப் பள்ளியும் மூன்றாவதில் வரும். மாணவர் எண்ணிக்கை 40,000-க்கு மேல்.

கேள்வி: பெண்களுக்கு ஆரம்பத்திலேயே இடம் இருந்ததா?

இல்லை. மதத்தைக் கேட்காத கல்லூரி பெண்களை உள்ளே விடப் பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. ஊரில் 1877-இல் பெண்களுக்கெனத் தனிக் கல்லூரி தொடங்கி, 1883-இல்தான் அது ஓவன்ஸோடு இணைந்தது. கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்ட் 1906-இல் இங்கே சட்டப் பட்டம் பெற்றார், ஆனால் பெண் என்பதால் வழக்குரைஞராகத் தொழில் செய்ய முடியவில்லை. பட்டம் கொடுத்தது பல்கலைக்கழகம், கதவை மூடியது நாடு. அவர் பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தில் முன்னணிக்கு வந்ததை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கேள்வி: அங்கே நடந்த கண்டுபிடிப்புகளில் உங்களுக்குப் பிடித்தது?

1948 ஜூன் 21 அன்று தன் நினைவகத்திலேயே நிரலை வைத்து ஓட்டிய முதல் கணினி 'பேபி' இங்கேதான் இயங்கியது. 52 நிமிடம் ஓடி, 2-இன் 18-ஆம் அடுக்குக்கு, அந்த எண்ணைத் தவிர்த்து, மிகப்பெரிய வகுஎண்ணைக் கண்டுபிடித்தது. பலரும் அதைத்தான் சொல்வார்கள். எனக்கு இயற்பியலாளர் எர்னஸ்ட் ரதர்ஃபோர்டின் ஆய்வகம். ஹான்ஸ் கைகரும், அப்போது 20 வயது இளங்கலை மாணவர் எர்னஸ்ட் மார்ஸ்டனும் இருட்டறையில் முதலில் கண் பழகும்வரை சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பிறகு நுண்ணோக்கியில் கண்ணை வைத்து, துத்தநாக சல்ஃபைடு திரையில் மின்னும் புள்ளிகளை ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். மெல்லிய உலோகத் தகட்டில் மோதும் ஆல்ஃபா துகள்களில் ஏறத்தாழ 8,000-இல் ஒன்று திரும்பி வந்தது. 1909-இல் இது வெளியாகி, 1911-இல் அணுவுக்குள் கரு இருக்கிறது என்று ரதர்ஃபோர்டு சொன்னார். இளங்கலை மாணவனிடம் அப்படி ஒரு வேலையை நம்பி ஒப்படைத்தார்கள் பாருங்கள், ஒரு பல்கலைக்கழகத்தின் தரத்தை நான் அதை வைத்துத்தான் அளப்பேன்.

கேள்வி: கட்டணம் எவ்வளவு? ஏழைப் பிள்ளைகள் படிக்க முடிகிறதா?

1960களிலிருந்து 1998 வரை உள்நாட்டு மாணவர்கள் கையிலிருந்து கட்டணம் கட்டியதில்லை. அந்த ஆண்டு 1,000 பவுண்டு வந்தது, 2006-இல் 3,000, 2012-இல் 9,000, 2025-26 கல்வியாண்டில் 9,535. இது இங்கிலாந்து முழுக்க அரசு வைத்த உச்சவரம்பு. முன்பணம் தேவையில்லை, கடனாகக் கிடைக்கும். 2023 ஆகஸ்டுக்குப் பிறகு சேர்ந்தவர்கள் ஆண்டு வருமானம் 25,000 பவுண்டைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 9 சதவீதம் கட்ட வேண்டும், 40 ஆண்டில் மீதி தள்ளுபடி. அதாவது 21 வயதில் பட்டம் வாங்கியவர் அறுபதைத் தாண்டியும் கட்டிக்கொண்டிருக்கலாம். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. வெளிநாட்டு மாணவர்கள் கட்டுவது இதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல், அந்தப் பணத்தைத்தான் இன்று பெரிய பல்கலைக்கழகங்கள் நம்பியிருக்கின்றன.

கேள்வி: படிக்கப் போகாதவர்கள் உள்ளே போய்ப் பார்க்கலாமா?

தாராளமாக. மான்செஸ்டர் அருங்காட்சியகம், விட்வொர்த் கலைக்கூடம் இரண்டும் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவை, அனுமதி இலவசம். ஊர் நடுவே டீன்ஸ்கேட்டில் இருக்கும் ஜான் ரைலண்ட்ஸ் நூலகத்தை விட்டுவிடாதீர்கள். கணவர் நினைவாக என்ரிகேட்டா ரைலண்ட்ஸ் கட்டியது, 1900-இல் திறந்தது, 1972-இல் பல்கலைக்கழக நூலகத்தோடு இணைந்தது. யோவான் நற்செய்தியின் மிகப் பழைய பாப்பிரஸ் (நாணல் தாள்) துண்டு அங்கேதான் இருக்கிறது, உள்ளங்கைக்குள் அடங்கும் அளவு. அதற்கும் கட்டணம் கிடையாது.