நோட்டேஷன் (ஸ்வரங்களை எழுதிய தாள்) இல்லாவிட்டால் எனக்குக் கை ஓடுவதில்லை. காதால் கேட்டே பியானோ வாசிக்கக் கற்றுக்கொள்ள முடியுமா?

நிச்சயமாக முடியும். நானும் நோட்டேஷன் பார்த்துத்தான் ஆரம்பித்தேன். காதால் வாசிக்கப் பழகியது பிற்பாடுதான். ஒரு ஸ்வரம் ஒலித்ததுமே அதன் பெயரைச் சொல்லிவிடும் திறமை மிகச் சிலருக்கே இருக்கிறது. காதால் வாசிக்க அது தேவையே இல்லை. 'ச'விலிருந்து அந்த ஸ்வரம் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று உணர்ந்தால் போதும். இது யாருக்கும் பழக்கத்தில் வரும். புகழ்பெற்ற ஜாஸ் பியானோ கலைஞர் எரால் கார்னர் (1921–1977) கடைசிவரை நோட்டேஷன் படிக்கக் கற்றுக்கொள்ளவே இல்லை.

முதலில் பியானோவை மூடி வையுங்கள். உங்களுக்கு நன்றாகப் பிடித்த, மெட்டு எளிமையான ஒரு பாட்டை நாலைந்து முறை கேளுங்கள். பிறகு பாட்டை நிறுத்திவிட்டு நீங்களே முணுமுணுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் குரல் தடுமாறுகிறதோ அந்த இடத்தைக் காது இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். திரும்பக் கேளுங்கள். வாயில் வராதது விரலில் வராது. குரல் வளம் பற்றிக் கவலை வேண்டாம், சுருதி சேர்ந்தால் போதும்.

அடுத்து 'ச'வைக் கண்டுபிடிக்க வேண்டும். பாட்டு முடியும்போது மனம் வந்து அமரும் ஸ்வரம் பெரும்பாலும் அதுதான். அதை முணுமுணுத்தபடியே கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். உங்கள் குரலும் கட்டையும் ஒன்றாகிவிடும் இடம் சந்தேகமில்லாமல் தெரியும். ஒரு ஸ்தாயியில், அதாவது ஒரு 'ச'விலிருந்து அடுத்த 'ச'வுக்கு முன்வரை, 12 கட்டைகள் இருந்தாலும், 'ச' கிடைத்துவிட்டால் எளிய பாட்டுகளில் பெரும்பாலும் 7-க்குத்தான் வேலை. இப்படி 'ச'விலிருந்து அமையும் ஸ்வர வரிசைதான் ஸ்கேல். அதில் மேஜர் என்ற வகையில் ஒரு வசதியும் உண்டு: ஸ்கேலில் சேராத கட்டை ஒன்றைத் தொட்டுவிட்டால், அதற்கு இடமும் வலமும் இருப்பவை ஸ்கேலுக்குள்தான் இருக்கும். மெட்டின் ஒரு ஸ்வரம் பிடிபடவில்லை என்றால் அங்கேயே நின்று, 'ச' வரும்வரை ஸ்கேலில் படிப்படியாக இறங்கிப் பாடுங்கள். எத்தனை படி இறங்கினீர்கள் என்பதிலேயே விடை வந்துவிடும்.

பலரும் மெட்டோடு நின்றுவிடுகிறார்கள். எனக்கென்னவோ காது உண்மையாகத் திறப்பது துணை ஸ்வரங்களை வாசிக்கும் இடது கையில்தான் என்று தோன்றுகிறது. ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாடகரை மறந்துவிட்டு, அடியில் ஓடும் பேஸை (மிகத் தாழ்ந்த ஸ்வரங்களின் ஓட்டத்தை) மட்டும் பின்தொடருங்கள். அதையும் முணுமுணுங்கள்.

ஓர் உதாரணம். பாட்டு சி மேஜரில் (சி கட்டையை 'ச'வாகக் கொண்ட மேஜர் ஸ்கேலில்) இருக்கிறது, மெட்டு 'க'வில், அதாவது ஈ கட்டையில், நீண்டு நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த ஸ்கேலின் சாதாரண மூன்று ஸ்வரக் கார்டுகளில் (ஒன்றாகச் சேர்த்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களில்) ஈ இடம்பெறுபவை சி மேஜர், ஏ மைனர், ஈ மைனர் ஆகிய மூன்றும்தான். வலது கையில் ஈ-யைப் பிடித்துக்கொண்டு, இடது கையில் இந்த மூன்று கார்டுகளையும் மாற்றி மாற்றி வாசியுங்கள். மேலே ஸ்வரம் மாறவே இல்லை. ஆனாலும் சி-யில் நிம்மதியாக ஒலித்த ஈ, ஏ மைனர் வந்ததும் ஏங்க ஆரம்பிக்கும். இந்த வித்தியாசத்தைக் கேட்ட பிறகு மூல ஒலிப்பதிவுக்குப் போனால் அங்கே எது ஒலிக்கிறது என்று தெரிந்துவிடும். பேஸ் எப்போதும் கார்டின் மூல ஸ்வரத்திலேயே, அதாவது கார்டுக்குப் பெயர் தரும் ஸ்வரத்திலேயே, நிற்காது என்பதையும் நினைவில் வையுங்கள். அப்படிப்பட்ட இடங்களில் முழுக் கார்டையும் வாசித்து ஒப்பிட்டால்தான் உறுதியாகும்.

மேஜரா மைனரா என்று குழம்பினால் மூல ஸ்வரத்திலிருந்து கறுப்பையும் சேர்த்து எண்ணுங்கள். நடு ஸ்வரம் 4 கட்டை தள்ளி இருந்தால் மேஜர், 3 என்றால் மைனர்.

வேகமான பகுதிகளுக்கு வீடியோவின் வேகத்தைக் குறைத்துக் கேட்கலாம், சுருதி மாறாது.

நோட்டேஷனைக் கைவிடச் சொல்ல மாட்டேன். பல குரல்கள் பின்னி ஓடும் ஃபியூக் போன்ற இசை வடிவங்களுக்கு அது வேண்டும். நோட்டேஷன் பார்த்து நன்றாக வாசிக்கும் ஒன்றை எடுத்து, தாளை மூடிவிட்டு, வேறு ஸ்கேலில் வாசித்துப் பாருங்கள். சி-யில் பழகியதை ஜி-க்கு மாற்றினால் எஃப் ஷார்ப் (எஃப்-க்கு வலப்பக்கக் கறுப்புக் கட்டை) வரும் இடத்தில் விரல் பழைய வெள்ளைக் கட்டைக்கே ஓடும், காது உடனே மறுக்கும். இன்றே ஆரம்பிப்பதென்றால் இந்தப் பயிற்சியைத்தான் சொல்வேன்.